கோயிலும் சபையும்: தமிழகத்தில் புதிய திருச்சபைகள் உருவான வரலாறும் சொல்லாட்சியும்

0. முன்னுரை

ஒரு வட்டாரத்தில் கிறித்தவத் திருச்சபை ஒன்று புதிதாகத் தோன்றுவதை ஆங்கிலம் ஒரே பெயர்ச்சொல்லால் குறிக்கிறது. ‘சர்ச்’ என்பது கட்டடத்தையும் சுட்டும். அதனுள் கூடும் மக்களையும் சுட்டும். அவர்களை இணைக்கும் நிறுவனத்தையும் சுட்டும். தமிழ்க் கிறித்தவர் வழக்கில் இம்மூன்றும் வேறுவேறாகின்றன. கட்டடம் கோயில் அல்லது ஆலயம் ஆகும். மக்கள் சபை ஆவர். நிறுவனம் திருச்சபை எனப்படும். இவற்றொடு சேரும் வினைகளும் வேறுபடுகின்றன. கோயிலைக் கட்டுவர், சபையைக் கூட்டுவர், நாட்டுவர், திருச்சபையை நிறுவுவர்.

இவ்வேறுபாடு சொல்வளம் பற்றியது மட்டுமன்று. தமிழகத்தில் புதிய திருச்சபைகள் தோன்றிய வரலாற்றில் கோயில் கட்டுதலும் சபை கூடுதலும் இருவேறு நிகழ்வுகளாகவே நடந்துள்ளன. சில இடங்களில் கோயில் முந்தியது. சில இடங்களில் சபை முந்தியது. எது முந்தியது, அது எந்த மொழியில், எத்தகைய சொற்களால் நடந்தது என்பனவற்றைப் பொறுத்தே அத்திருச்சபை வேரூன்றிய முறையும் அமைந்தது. இக்கருத்தை மதுரை, தரங்கம்பாடி, பாளையங்கோட்டை, தென் திருநெல்வேலி ஆகிய இடங்களின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்களின் பின்புலம்

ஐரோப்பிய மொழிகளில் இப்பொருளுக்கு வழங்கும் சொற்கள் இரு கிரேக்க மூலங்களினின்று கிளைத்தவை. ஆங்கிலத்தின் ‘சர்ச்’, செருமானியத்தின் ‘கிர்ஹெ’ ஆகியன ‘ஆண்டவருக்குரியது’ என்னும் பொருள்படும் ‘கிரியகோன்’ என்பதன் வழிவந்தவை. போர்த்துக்கீசியத்தின் ‘இக்ரேஜா’ என்பது ‘எக்ளேசியா’ என்பதன் வழிவந்தது. எக்ளேசியா என்பது கிரேக்க நகரங்களில் அழைப்புப் பெற்றுக் கூடிய குடிமக்கள் அவையைக் குறித்த சொல். ஆக, முதன்மூலம் இல்லத்தைச் சார்ந்தது. இரண்டாவது மூலம் கூட்டத்தைச் சார்ந்தது. காலப்போக்கில் இரண்டு சொற்களும் இரு பொருளையும் ஏற்றுக்கொண்டன.

தமிழில் இவ்விரு பொருட்கூறுகளும் கலவாமல் நின்றன. கோயில் என்பது கோ, இல் என்னும் இரு சொற்களாலாகியது. தலைவனுடைய இல்லம் என்னும் பொருளது. பொருளமைப்பில் இது கிரியகோனுக்கு மிக நெருங்கிய இணை எனலாம். சபை என்னும் வடசொல்லும், அதனோடொத்த அவை என்னும் வழக்கும் கூட்டத்தைச் சுட்டுவன. இவை எக்ளேசியாவுக்கு இணையானவை.

எனினும் சபை என்னும் சொல் தமிழகத்தில் வெறுமையான கலமாக இருந்ததில்லை. சோழர் காலத்தில் பிராமணர்க்குரிய பிரமதேய ஊர்களின் ஆளும் குழுவே சபை எனப்பட்டது. வேளாண்குடிகள் வாழ்ந்த ஊர்களின் குழு ‘ஊர்’ எனப்பட்டது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) சபையின் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு நிலம், மனை, அகவை, வேதக் கல்வி ஆகிய தகுதிகளை வரையறுக்கின்றன. தகுதியால் வரம்பிடப்பட்ட கூட்டத்தின் பெயரே, பின்னாளில், திருமுழுக்கொன்றையே தகுதியாகக் கொண்ட கூட்டத்திற்குப் பெயராயிற்று. பழைய வரம்பு புதிய பொருளில் எந்த அளவு மறைந்தது, எந்த அளவு எஞ்சி நின்றது என்னும் வினா, பின்வரும் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து எழுவதாகும்.

2. மதுரை: ஒரு மொழிபெயர்ப்புப் பிழை

முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய அன்றீக்கு அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், சமயக் கலைச்சொற்கள் பலவற்றைப் போர்த்துக்கீசிய ஒலிவடிவிலேயே தமிழ் எழுத்தில் தந்தது. அம்மக்கள் அச்சொற்களை நாள்தோறும் செவியுற்றவராதலின் கடற்கரையில் இம்முறை இடர்ப்பாடின்றி வழங்கியது.

உள்நாட்டில் நிலைமை வேறாயிருந்தது. மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டசு என்பார் பரதவர்க்கும் போர்த்துக்கீசிய வணிகர்க்குமாகக் கோயில் ஒன்றை நடத்திவந்தார். 1606இல் அங்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, புதிதாகச் சேர விரும்புவோரிடம் கேட்கப்பட்ட வினாவின் சொல்லாட்சியே தடையாக நிற்பதைக் கண்டார். கிறித்தவ நெறியில் சேர விருப்பமா என்று கேட்க வேண்டிய இடத்தில், பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கப்பட்டு வந்தது. வினவியவர் சமயத்தைக் கருதினார்; கேட்டவர் குலமாற்றத்தைக் கருதினார். கோயில் இருந்தும் உள்ளூர் மக்களிடையே சபை தோன்றாமைக்கு இப்பிழை ஒரு காரணமாயிற்று.

நோபிலி தனியே ஒரு கோயிலை அமைத்ததோடு தனியான ஒரு சொற்றொகுதியையும் அமைத்தார். போர்த்துக்கீசியச் சொற்களுக்கு மாற்றாகக் கோயில், பூசை, குரு, வேதம் முதலிய சொற்களை ஆண்டார். இச்சொற்களும் அவர் மேற்கொண்ட வாழ்க்கை முறையும் உடன்பணியாளரிடையே கடும் எதிர்ப்பை எழுப்பின. பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றுக்கு 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி இசைவளித்தார். சொற்சிக்கல் தீர்ந்தது, ஆயினும் ஒரே ஊரில் இருவேறு குலத்தார்க்கு இருவேறு கோயில் என்னும் நிலை உருவாயிற்று. பரங்கிக்குலம் என்னும் பெயரை அகற்ற மேற்கொண்ட முயற்சி, உள்ளூர்க் குலப்பிரிவை அப்படியே உள்ளே கொண்டுவந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

3. தரங்கம்பாடி: கோயில் முந்திய வரலாறு

3.1. கட்டடமும் மொழிகளும்

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்பிய செருமானியர் இருவர், பர்த்தலோமேயு சீகன்பால்கும் என்றிக்கு புளூட்சோவும், 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடி சேர்ந்தனர். அச்சிறு துறைமுகத்தில் டேனியம், செருமானியம், போர்த்துக்கீசியம், தமிழ் ஆகிய மொழிகள் அன்றாடம் வழங்கின. டேனியர்க்கெனச் சீயோன் என்னும் கோயில் முன்னரே இருந்தது.

1707 மே 12ஆம் நாள் டேனியர் வீடுகளில் அடிமைகளாயிருந்த ஐவர் சீயோன் கோயிலில் திருமுழுக்குப் பெற்றனர். இவர்களும் இவர்போன்ற பிறரும் டேனியர்க்கென அமைந்த கோயிலிலேயே தொடர்ந்து கூட இயலாதாகலின் புதிய கோயில் தேவைப்பட்டது. அது எருசலேம் என்னும் பெயரால் அவ்வாண்டு ஆகத்து 14ஆம் நாள் திறக்கப்பட்டது. தமிழ் மக்களுள் முதற்குழுவினர் அங்குத் திருமுழுக்குப் பெற்றது செப்டம்பர் மாதத்திலாகும். எனவே, தமிழ்ச் சபை உருவாகுமுன்னரே அதற்குரிய கோயில் கட்டப்பட்டுவிட்டது என்பது இந்நாள்வரிசையால் தெளிவாகும்.

அக்கோயிலில் போர்த்துக்கீசிய மொழியிலும் தமிழிலும் வழிபாடு நடந்தது. நாளடைவில் போர்த்துக்கீசியச் சபை, தமிழ்ச் சபை என ஒரு கோயிலுக்குள் இரண்டு சபைகள் அமைந்தன. சபையின் எல்லையை வரைந்தது சுவரன்று, மொழியே என்பதற்கு இது தக்க சான்றாகும். பின்னர் எழுந்த புதிய எருசலேம் கோயில் 1718 அக்டோபர் 11ஆம் நாள் திறக்கப்பட்டு இன்றளவும் நிற்கிறது.

3.2. மணலும் ஓலையும் அச்சும்

சீகன்பால்கு தமிழைக் கற்ற முறை நன்கறியப்பட்டது. முதிய ஆசிரியர் ஒருவர் தம் மாணாக்கரோடு அவர் இல்லத்திற்கு வந்து பள்ளி நடத்தினார். சிறுவர்களோடு அமர்ந்து அவரும் மணலில் எழுத்தெழுதிப் பழகினார். பன்மொழி அறிந்த அழகப்பன் என்பார் பேச்சுமொழிக்குத் துணை நின்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்த சீகன்பால்கு, தாம் திரட்டிய நூல்களுக்கு 1708இல் விளக்க அட்டவணையும் எழுதினார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகள் இடம்பெற்றன. கத்தோலிக்கர் எழுதிய தமிழ் நூல்களையும் அவர் பயன்கொண்டார். சருவேசுரன் முதலிய சொற்கள் மதுரை மரபினின்று தரங்கம்பாடிக்கு இவ்வாறே வந்து சேர்ந்தன. சபைப்பிரிவால் மாறுபட்டோர் சொற்களால் ஒன்றுபட்டனர்.

புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு 1708 அக்டோபரில் தொடங்கி 1711 மார்ச்சில் நிறைவுற்றது. இடையில், டேனிய ஆளுநரோடு ஏற்பட்ட பூசலால் சீகன்பால்கு நான்கு திங்கள் சிறையிருந்தார். இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும், செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. 1714இல் நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் வெளிவந்தன. எழுத்துகள் பெரியனவாகவும் தாள் அரியதாகவும் இருந்தமையின் சிறிய எழுத்துகள் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டன. அருகிலுள்ள பொறையாற்றில் தாள் செய்யவும் முயன்றனர். சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23ஆம் நாள் தம் 36ஆம் அகவையில் மறைந்தார்.

3.3. நூல் சென்ற இடத்தில் சபை

தரங்கம்பாடி எல்லையைக் கடந்து தஞ்சை நாட்டிற்குள் செல்ல மிசனரிமார்க்கு நெடுங்காலம் இசைவு இல்லை. ஆனால் அச்சிட்ட நூலுக்கு எல்லையில்லை. தஞ்சைப் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்பார் பறையர் குலத்தில் பிறந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்திப் பகுதி அவர் கையில் கிடைத்தது. அதனைக் கற்ற அவர் 1727இல் தரங்கம்பாடியோடு தொடர்புகொண்டார்; அடுத்த ஆண்டு உபதேசியார் ஆனார். தஞ்சை நாட்டுச் சிற்றூர்களில் சபைகள் தோன்றியதில் அவர் பங்கு பெரிது. அங்கு முதலில் சென்றது நூல், அதன்பின் கூடியது சபை, கோயில் பிற்பட்டது.

இவ்விடத்தில் சபை என்னும் சொல்லின் பழைய வரம்பு மீண்டும் தலைகாட்டுகிறது. கடலூரைச் சேர்ந்த வேளாளரான ஆரோன், 1733 திசம்பர் 28ஆம் நாள் சீர்திருத்த மரபின் முதல் இந்திய ஆயராக நியமனம் பெற்றார். இராசநாயக்கனின் தகுதியை மிசனரிமார் ஐயுறவில்லை. ஆயினும் பிற குலத்தார் அவர் கையால் நற்கருணை பெறத் தயங்குவர் என்னும் காரணத்தால் அவருக்கு ஆயர் பதவி அளிக்கப்படவில்லை. 1741இல் நியமனம் பெற்றவர் தியோகு என்பவர். இராசநாயக்கன் 1771இல் மறையும்வரை உபதேசியாராகவே இருந்தார். யாவரையும் அழைக்கும் கூட்டம் என்னும் பொருளில் மொழிபெயர்க்கப்பட்ட சொல், வழக்கில் தன் பழம்பொருளை முற்றும் உதறிவிடவில்லை என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகிறது.

4. பாளையங்கோட்டை: ஒரு பதிவேடும் ஒரு கோயிலும்

திருநெல்வேலியில் நிகழ்வுகளின் வரிசை தலைகீழாயிற்று. தஞ்சையிலிருந்து வந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்த பிராமணக் கைம்பெண் ஒருவர் 1778இல் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றுக் கிளாரிந்தா என்னும் பெயர் கொண்டார். ஆங்கிலப் படையலுவலர் ஒருவரோடு அவர் வாழ்ந்துவந்தமையால் முன்னொருமுறை அவருக்குத் திருமுழுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவர் தம்மைச் சூழ்ந்தோர்க்குக் கற்பித்துச் சிறு கூட்டம் ஒன்றை உருவாக்கினார். 1780ஆம் ஆண்டின் பதிவேட்டில் நாற்பதுபேர் இடம்பெற்றனர். அவர் முயற்சியால் எழுந்த கோயில் 1785இல் திறக்கப்பட்டது.

ஆகவே இங்குப் பெயர்ப்பட்டியல் முதலில் தோன்றியது. கட்டடம் ஐந்தாண்டு கழித்தே வந்தது. அயலார் நிறுவனம் ஒன்று திட்டமிட்டுத் தொடங்கியதன்று இது. உள்ளூரில் வாழ்ந்த பெண்ணொருவர் தொடங்கியது. பின்னரே தஞ்சையிலிருந்து சத்தியநாதன் என்னும் உபதேசியார் அனுப்பப்பட்டார். அவர் 1790இல் ஆயரானார்.

மக்கள் அக்கோயிலுக்கு வழங்கிய பெயர் நோக்கத்தக்கது. அது பாப்பாத்தி அம்மாள் கோயில் எனப்பட்டது. தம் பழைய பெயரை விடுத்துப் புதிய பெயர் பூண்டவரை, ஊரார் அவர் பிறந்த குலத்தின் பெயராலேயே நினைவில் வைத்தனர். புதிய பெயர் பதிவேட்டில் நின்றது. பழைய அடையாளம் மக்கள் வழக்கில் நின்றது.

5. தென் திருநெல்வேலி: ஊரே சபையாதல்

5.1. ஊர்ப்பெயர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தென் திருநெல்வேலியில் பனையேறும் மக்களிடையே பெருந்தொகையினர் கிறித்தவராயினர். சத்தியநாதனுக்குத் துணையாக வந்த தாவீது சுந்தரானந்தம் அம்மக்களுள் ஒருவரே. புதிதாகச் சேர்ந்தோர் தம் ஊர்களில் துன்புறுத்தப்பட்டமையால், 1799இல் நிலம் வாங்கி அவர்கள் குடியேற ஓர் ஊர் அமைக்கப்பட்டது. அதற்கு முதலூர் என்று பெயரிட்டனர். சபையில் சேர்ந்தமையால் இருந்த ஊரை இழந்தவர்களுக்குச் சபையே ஊராயிற்று. கல்வெட்டு வழக்கில் எதிரெதிராக நின்ற சபை, ஊர் என்னும் இரு சொற்கள் இங்கு ஒரே மக்கட்குழுவின் இரு பெயர்களாயின.

தொடர்ந்து தோன்றிய ஊர்களின் பெயர்கள் மொழியியல் நோக்கில் மூவகைப்படும்.

அ) விவிலிய இடப்பெயரை அப்படியே கொண்டவை: நாசரேத்து.
ஆ) புதிய சமயப் பொருளைத் தமிழ் வழக்கில் கூறுபவை: மெஞ்ஞானபுரம், சுவிசேசபுரம்.
இ) உதவியவர் பெயரோடு தமிழ்ப் பொதுக்கூறு சேர்ந்தவை: சாயர்புரம், டோனாவூர்.

இவற்றுள் டோனாவூர் என்பது பிரசிய நாட்டுப் பிரபு டோனா அளித்த நிதியால் 1827இல் இரேனியசு ஐயர் அமைத்த ஊராகும். மெஞ்ஞானபுரத்தின் முந்தைய பெயர் நெடுவிளை என்பதாகும். விளை என்பது அவ்வட்டாரத்தில் தோப்பையும் புன்செய்யையும் குறிக்கும் பொதுக்கூறு. நெடுவிளை நிலத்தின் தன்மையைக் கூறியது; மெஞ்ஞானபுரம் அங்கு வாழ்வோர் ஏற்ற நெறியைக் கூறியது. வெளிநாட்டுப் பெயர்களும் ஊர், புரம் என்னும் ஈறுகளை ஏற்றே நிலைத்தன என்பது மொழியின் ஏற்பு நெறியைக் காட்டும்.

5.2. சபையைப் பேணிய வழக்கங்கள்

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசு, மொழிபெயர்ப்பு நெறிகளைப் பற்றி 1827இல் தனிக் கட்டுரை எழுதியவர். சொல்லுக்குச் சொல் வைப்பதினும் கேட்போர்க்குப் பொருள் விளங்க மொழிபெயர்ப்பதே தக்கது என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கும் அவர் பணிமுறைக்கும் தொடர்புண்டு. சிற்றூர்ச் சபைகளில் எழுதப் படிக்க அறிந்தோர் சிலரே. உபதேசியார் உரக்கப் படிக்க, பனைத்தொழில் முடித்து வந்தோர் அமர்ந்து கேட்டனர். கண்ணால் படிப்பவர்க்கன்றிச் செவியால் கேட்பவர்க்காக மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இருந்தது. 1830இல் அவர் தொடங்கிய தருமசங்கம், துன்புறுத்தப்பட்ட சபையார்க்கு நிலம் வாங்கிக் கொடுத்தது.

இடையன்குடியில் கால்டுவெல் 1841இல் குடியேறினார். அங்குக் கோயிலுக்கு 1847இல் அடிக்கல் நாட்டப்பட்டது, திறக்கப்பட்டது 1880இல். இடைப்பட்ட 33 ஆண்டுகளும் சபை கூடிக்கொண்டே இருந்தது. அக்காலத்திற்குள்தான் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் வெளிவந்தது. தரங்கம்பாடியில் கோயில் சபைக்குக் காத்திருந்தது. இடையன்குடியில் சபை கோயிலுக்குக் காத்திருந்தது.

சபையைப் பேணிய வழக்கங்கள் இன்றும் தனிச்சொற்களால் அறியப்படுகின்றன. ஒவ்வொரு வேளையும் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துச் சபைக்கு அளிப்பது பிடியரிசிக் காணிக்கை. கோயில் திறந்த நாளை நினைவுகூர்வது பிரதிட்டைப் பண்டிகை. அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்பது அசனம். பிரதிட்டை, அசனம் ஆகிய இரண்டும் வடசொற்களே. ஆயின் முன்னது கட்டடத்தைக் கொண்டாடுகிறது, பின்னது கூட்டத்தைக் கொண்டாடுகிறது. உடனுண்ணல் குலத்தால் வரம்பிடப்பட்டிருந்த சமுதாயத்தில் அசனம் என்னும் சொல் பெற்ற பொருட்கனம், அகராதியில் காணும் ‘உணவு’ என்னும் பொருளில் அடங்குவதன்று.

6. பிரகாசபுரம்: உள்ளூரார் தொடங்கிய சபை

திருச்சபையைத் தொடங்குவது அயல்நாட்டார் பணி என்னும் எண்ணத்தை 1857இல் நாசரேத்துப் பகுதியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி மாற்றியது. அருமைநாயகம் என்னும் இயற்பெயருடைய சட்டாம்பிள்ளை (1823–1918) மிசன் பணியில் ஆசிரியராயிருந்து, மிசனரியோடு ஏற்பட்ட மாறுபாட்டால் பணியிழந்தவர். சாணார் எனப்பட்ட தம் மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய நூல் அவரைப் புண்படுத்தியிருந்தது. அவர் ஐரோப்பியர் மேலாண்மையை விலக்கிப் புதிய சபையொன்றைத் தொடங்கினார். இது பிரகாசபுரத்தை மையமாகக் கொண்டு ஏக இரட்சகர் சபை என வழங்கிற்று. தம்மை இந்து என்னும் அடைமொழியாலும் குறித்துக்கொண்டது.

கிரேக்கமும் எபிரேயமும் பயின்ற சட்டாம்பிள்ளை, மூலநூலை நேரே அணுகும் உரிமை மொழிபெயர்த்துத் தந்தவர்க்கு மட்டும் உரியதன்று என்னும் நிலையை மேற்கொண்டார். ஐரோப்பிய வழக்கம் எனத் தாம் கருதியவற்றை நீக்கி, பழைய ஏற்பாட்டிற் கண்ட முறைகளை ஏற்றார், ஓய்வுநாளைச் சனிக்கிழமையாக்கினார். இங்கு இந்து என்னும் சொல் சமயப் பெயராக அன்றி நாட்டுப் பெயராக ஆளப்பட்டது. இன்றைய வாசகர்க்கு முரணாகத் தோன்றும் இச்சொற்சேர்க்கை, அச்சொல் அன்று கொண்டிருந்த பொருளகலத்தைக் காட்டும் அரிய சான்றாகும். இதனை மொழிபெயர்ப்போர் இன்றைய பொருளை அன்றைய பெயரின்மேல் ஏற்றாதிருத்தல் வேண்டும்.

7. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றால் பெறப்படுவன வருமாறு:

1. தமிழகத்தில் கோயிலின் தோற்றமும் சபையின் தோற்றமும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை. திறப்புவிழா நாளை மட்டும் கொண்டு ஒரு திருச்சபையின் தொடக்கத்தைக் கணிப்பது தரங்கம்பாடியில் சபையைச் சில கிழமைகள் முற்படுத்தும். பாளையங்கோட்டையில் ஐந்தாண்டும் இடையன்குடியில் ஒரு தலைமுறையும் பிற்படுத்தும்.

2. சபை கூடியதில் கட்டடத்தினும் உபதேசியார், பள்ளி, செவிக்கு விளங்கும் மொழிபெயர்ப்பு, குடியிருக்க நிலம் ஆகியவற்றின் பங்கு பெரிது.

3. பழஞ்சொல் ஒன்றுக்குப் புதுப்பொருள் ஏற்றப்படும்போது பழைய சமூக வரம்பும் உடன்வரக்கூடும். இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பதவி இதனைக் காட்டும்.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் ஆங்கிலிக்கன், மெதடிசுட்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியன சென்னையில் ஒன்றிணைந்தபோது, அவ்விணைப்பிற்குத் தென்னிந்தியத் திருச்சபை என்னும் பெயர் வழங்கிற்று. கோயில், சபை, திருச்சபை என்னும் மும்மைப் பாகுபாடு அதனால் மேலும் உறுதிப்பட்டது. ஆங்கில நூல்களில் புதிய திருச்சபை தொடங்குவதைப் பயிர் நடுவதாகக் கூறும் உருவகம் இன்று பெருவழக்காயுள்ளது. அதனைத் தமிழில் சபை நாட்டுதல் என்கின்றனர். நாட்டுதல் என்பது தூணுக்கும் கொடிக்கும் உரிய வினை. நடுதல் என்பது நாற்றுக்கும் கல்லுக்கும் உரிய வினை. நாற்று நீரூற்றி வளர்க்கப்படுவது, தூண் நிறுத்தப்படுவது. எந்த வினையைத் தேர்வது என்பது, அவ்விடத்தில் பேசப்படுவது கோயிலா சபையா என்று மொழிபெயர்ப்பாளர் முதலில் துணிந்தபின்னரே முடிவுசெய்யத் தக்கதாகும்.